பூதத்துக்கு எத்தனை உயிர்?

ஆடுபுலி ஆட்டம் உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். லயத்து வாசலில் கரித்துண்டால் கோடு கிழித்து, புலிக்கு மூன்று கூழாங்கல்லும் ஆட்டுக்குப் பதினைந்து புளியங்கொட்டையும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தால் பொழுது போவதே தெரியாது. அந்த ஆட்டத்தைப் பற்றி உங்களை ஒரு கேள்வி கேட்கிறேன். புலி ஏன் மூன்று? ஆடு ஏன் பதினைந்து?

புலி பலசாலி. பக்கத்துப் புள்ளியில் ஆடு இருந்து, அதற்கு அடுத்த புள்ளி காலியாகவும் இருந்தால், தாண்டிக் குதித்து ஆட்டை வெட்டிவிடும். ஆட்டுக்கு வெட்டும் உரிமை கிடையாது. கூட்டாகச் சேர்ந்து புலியின் வழியை அடைக்கலாம், அவ்வளவுதான். இப்படி இரண்டு பக்கத்துக்கும் வேறு வேறு பலத்தைக் கொடுத்துவிட்டு, யார் ஜெயிப்பார் என்று முன்கூட்டியே சொல்ல முடியாதபடி ஆட்டத்தை அமைத்திருக்கிறார்கள். 23 புள்ளிகள் உள்ள அந்தக் கட்டத்தில் ஒரே ஒரு புலியை விட்டுப் பாருங்கள். ஆடுகளை வைத்து முடிப்பதற்குள்ளேயே அது மாட்டிக்கொள்ளும். ஆறு புலிகளை விட்டுப் பாருங்கள்; ஆட்டுக்காரர் எழுந்து போய்விடுவார்.

நேபாளத்தில் இதே போன்ற ஆட்டத்துக்குப் பாக்சால் என்று பெயர். அங்கே கட்டத்தில் 25 புள்ளிகள். புலி நான்கு, ஆடு இருபது. மலாய்க்காரர்களின் ரிமாவ் ஆட்டத்தில் ஒரு புலியோ இரண்டு புலியோ இருக்கும். எதிரே இருபதுக்கு மேற்பட்ட ஆட்கள். கட்டம் மாறினால் கணக்கும் மாறுகிறது. நம் முன்னோர் பென்சிலும் தாளும் இல்லாமல், ஆடி ஆடிப் பார்த்தே இந்த எண்களுக்கு வந்திருக்க வேண்டும்.

இன்று நான் பேச வந்தது, அந்தப் புலியையே பிள்ளைகள் தங்கள் கையால் செய்துகொள்ளும் ஒரு விளையாட்டைப் பற்றி. 1974ஆம் ஆண்டில் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இருவர் ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்ற பெயரில் ஒரு விளையாட்டை வெளியிட்டார்கள். இதற்குக் கட்டமும் வேண்டாம், காயும் வேண்டாம். நாலைந்து பேர் மேசையைச் சுற்றி உட்காருவார்கள். ஒருவர் கதை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கு ஒரு வீரனாகவோ வீராங்கனையாகவோ தங்களை வைத்துக்கொள்வார்கள். “நீங்கள் ஒரு குகை வாசலில் நிற்கிறீர்கள், உள்ளே ஏதோ உறுமுகிறது, என்ன செய்கிறீர்கள்?” என்று நடத்துபவர் கேட்பார். “நான் பந்தம் கொளுத்துகிறேன்” என்பான் ஒருவன். “நான் பாறைக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறேன்” என்பாள் ஒருத்தி. அது பலிக்குமா பலிக்காதா என்பதைப் பகடை சொல்லும். இதைக் கதையாட்டம் என்று வைத்துக்கொள்வோம். தெருக்கூத்தில் பாதியும் தாயத்தில் பாதியும் சேர்ந்தது என்று நினைத்துக்கொண்டால் தவறில்லை.

இந்த ஆட்டத்தில் எதிரே வரும் அரக்கர்களையும் பூதங்களையும் பட்டியல் போட்டு ஒரு தனி நூலே 1977இல் வந்தது. ‘மான்ஸ்டர் மேனுவல்’ என்று பெயர். முன்னூற்றைம்பதுக்கு மேற்பட்ட பிராணிகள் அதில் உண்டு. நம் நாட்டு இராட்சதனும் அதில் இடம் பிடித்திருக்கிறான், புலித்தலையோடு! ஆனாலும் நூலில் இருப்பதோடு பிள்ளைகள் நிற்பதில்லை. சொந்தமாக ஒரு பூதத்தைச் செய்து பார்க்க வேண்டும் என்ற ஆசை எல்லாப் பிள்ளைக்கும் வருகிறது. சங்கடமும் அங்கேதான் ஆரம்பமாகிறது.

சிங்கப்பூரில் கிளமெண்டி என்று ஒரு பகுதி இருக்கிறது. வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் 1970களில் கட்டத் தொடங்கிய அடுக்குமாடி வீடுகள் நிறைந்த இடம். பள்ளி விடுமுறையில் என் அக்காள் வீட்டுக்காக அங்கே போயிருந்தேன். அடுக்குமாடிகளின் கீழ்த்தளத்தைச் சுவரில்லாமல் திறந்தே விட்டிருப்பார்கள். அங்கே கல்மேசையும் கல்நாற்காலியும் உண்டு. ஒரு மாலை அந்த மேசையில் என் அக்காள் மகன் கதை நடத்த, நான்கு பிள்ளைகள் ஆடிக்கொண்டிருந்தார்கள். அவன் தங்கைக்கு ஒன்பது வயது. தன் வீராங்கனைக்குப் பெயர் வைத்து, படம் வரைந்து, இடுப்பில் ஓர் அரிவாளும் கொடுத்து அரைமணி நேரம் செலவழித்திருந்தாள். அண்ணன் செய்த பூதம் வந்தது. மூன்று தலை, 200 உயிர். வாயைத் திறந்து நெருப்பு கக்கினால் எதிரே இருக்கும் எல்லோருக்கும் 20 அடி. வீரர்களுக்கு இருந்ததோ ஆளுக்குப் பத்து உயிர். முதல் சுற்றிலேயே நால்வரும் சாம்பல். தங்கை நோட்டை மூடிக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல், மின்தூக்கியை நோக்கி நடந்துவிட்டாள்.

“பூதம் என்றால் பலம் இருக்க வேண்டாமா, மாமா?” என்று அவன் என்னைக் கேட்டான். நியாயமான கேள்விதான். பலம் எவ்வளவு என்று அவன் யோசித்திருந்தான். யாருக்கு எதிரே என்பதை யோசிக்கவில்லை. பால்மரத் தோட்டத்தில் புதிதாகக் கத்தி பிடித்தவருக்கும் பத்து வருஷம் வெட்டியவருக்கும் ஒரே அளவு நிரை கொடுத்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நிரையின் நீளத்தை ஆளைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். பூதமும் அப்படியே.

நாங்கள் இருவரும் உட்கார்ந்து ஒரு கணக்குப் போட்டோம். நாலாம் வகுப்புக் கணக்குதான். நேயர்களும் தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்ளலாம்.

இந்த விளையாட்டில் 20 பக்கம் உள்ள பகடை ஒன்று உண்டு. வீரன் வாளை வீசும்போது 9 அல்லது அதற்கு மேல் விழுந்தால் அடி படும் என்று வைத்துக்கொள்வோம். 9 முதல் 20 வரை எண்ணினால் 12 எண்கள். ஆக, இருபது முறை வீசினால் பன்னிரண்டு முறை படும். ஓர் அடிக்கு 5 உயிர் குறையும் என்றால், பட்டதையும் தவறியதையும் சேர்த்துச் சராசரியாக ஒரு வீச்சுக்கு 3. வீரர்கள் நால்வர், ஒரு சுற்றுக்கு 12. பூதம் நாலு சுற்றாவது தாக்குப்பிடிக்க வேண்டும், அப்போதுதான் சண்டையில் சுவை இருக்கும். நாலு பன்னிரண்டு 48. அந்தப் பூதத்துக்கு வேண்டிய உயிர் இவ்வளவே! 200 உயிர் என்றால் பதினேழு சுற்று. ஒரு சுற்றுக்கு ஐந்து நிமிஷம் ஆனால் ஒன்றேகால் மணிக்கு மேல், ஒரே பூதத்தை வெட்டிக்கொண்டே இருக்க வேண்டும். நெருப்பே கக்காவிட்டாலும் பிள்ளைகள் கொட்டாவி விட்டிருப்பார்கள்.

இனி பூதம் கொடுக்கும் அடி. நால்வரின் உயிரையும் கூட்டினால் 40. நாலு சுற்று முடியும்போது அதில் பாதி போயிருந்தால், ஜெயித்தவர்களுக்கு நெஞ்சு படபடத்திருக்கும், ஆனால் ஜெயித்திருப்பார்கள். பாதி என்றால் 20. ஒரு சுற்றுக்கு 5. பூதத்தின் வீச்சு இரண்டுக்கு ஒன்று படும் என்று வைத்தோம். அப்படியானால் 10 அடி கொடுக்கும் ஒரு வீச்சு போதும்; சராசரி சரியாக 5 வந்துவிடுகிறது.

அக்காள் மகன் பென்சிலைக் கீழே வைத்துவிட்டான், கணக்கு முடிந்தது என்று. முடியவில்லை. வீரனுக்கு இருப்பதே 10 உயிர். அந்த ஒரு வீச்சு பட்டால் யாரோ ஒரு பிள்ளை முதல் சுற்றிலேயே விழும். இரண்டு முறை ஆடினால் ஒரு முறை இப்படி நடக்கும். விழுந்த பிள்ளை மிச்ச நேரம் முழுவதும் மற்றவர்கள் ஆடுவதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். அதற்குப் பதிலாக, பூதத்துக்கு இரண்டு கை கொடுங்கள். கைக்கு ஒரு வீச்சு, வீச்சுக்கு 5 அடி, ஒரு சுற்றில் இரண்டு கையும் ஒரே ஆளை அடிக்கக் கூடாது. சராசரி அதே 5தான். ஆனால் முதல் சுற்றில் யாரும் விழமாட்டார்கள். அடிபட்டவன் “எனக்கு இன்னும் ஐந்துதான் இருக்கிறது” என்று கத்துவான், பக்கத்தில் இருப்பவள் ஓடி வந்து முன்னே நிற்பாள், ஆட்டம் சூடுபிடிக்கும். சராசரி சமமாக இருந்தாலும் ஆட்டம் சமமாக இருப்பதில்லை என்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டும் உதாரணம் என் பாடநூல்களில் எனக்குக் கிடைத்ததில்லை.

இன்னொரு பொறியும் இருக்கிறது. பெரிய பூதம் ஒன்றுக்கு 48 உயிர் என்றோம். அதையே எட்டாகப் பிரித்து, ஆளுக்கு ஆறு உயிர் உள்ள எட்டுக் குட்டிப் பூதங்களாக விட்டால் என்ன? கூட்டினால் அதே 48தானே என்று தோன்றும். ஆனால் எட்டுக் குட்டியும் ஆளுக்கொரு வீச்சு வீசும். ஒவ்வொன்றும் 5 அடி, இரண்டுக்கு ஒன்று படும் என்றால், முதல் சுற்றில் மட்டும் 20 உயிர் போகும். குட்டிகள் சாகச் சாக அது குறையும் என்றாலும், அதற்குள் வீரர்களில் பாதிப் பேர் தரையில் கிடப்பார்கள். பலத்தைவிட, ஒரு சுற்றில் எத்தனை முறை கை ஓங்குகிறது என்பது பெரிது. ஆடுபுலி ஆட்டத்தில் பதினைந்து ஆடுகள் புலியை மடக்குவது வேறு எதனால்?

ஆறு உயிர் என்பதிலும் ஒரு நுட்பம் உண்டு. வீரனின் அடி 5. குட்டிக்கு 6 உயிர் இருந்தால் ஓர் அடியில் சாகாது, ஒரே ஓர் உயிரோடு நின்று மறுபடியும் கடிக்கும். அதைக் கொல்ல இரண்டு அடி வேண்டும். 5 உயிர் கொடுத்தால் ஓர் அடி போதும். ஒரே ஒரு புள்ளியில் வேலை இரட்டிப்பாகிவிடுகிறது!

இந்தக் கணக்கெல்லாம் நாங்கள் கண்டுபிடித்தது அல்ல. 2000ஆம் ஆண்டில் வந்த மூன்றாம் பதிப்பில், நால்வர் கொண்ட ஒரு குழுவுக்கு எந்தப் பூதம் ஏற்றது என்று காட்ட ஒவ்வொரு பூதத்துக்கும் ஓர் எண் கொடுத்தார்கள். 2014இல் வந்த நூலில், சொந்தமாகப் பூதம் செய்வோருக்கு ஓர் அட்டவணையே போட்டிருந்தார்கள். முதல் மூன்று சுற்றில் பூதம் கொடுக்கக்கூடிய அடியைச் சராசரி பார். அதற்கு ஓர் எண். அதன் உயிருக்கும் காப்புக்கும் ஓர் எண். இரண்டையும் கூட்டிப் பாதியாக்கு என்பது அதன் சாரம். பூதங்கள் இரண்டாக வந்தால் சண்டையின் கடுமையை ஒன்றரை மடங்காகவும், மூன்று முதல் ஆறு வரை வந்தால் இரண்டு மடங்காகவும் எண்ணிக்கொள் என்றும் அதே நூலில் இருந்தது. அந்த விதிகளின் அடிப்படைத் தொகுப்பை 2023 ஜனவரியில், மூலத்தைக் குறிப்பிட்டுவிட்டு யாரும் எடுத்தாளலாம் என்ற உரிமத்தோடு வெளியிட்டார்கள். ஆகவே விலை கொடுத்து நூல் வாங்க வேண்டும் என்ற கட்டாயமில்லை.

கணக்கு சரியாகிவிட்டால் பூதம் நல்ல பூதமாகிவிடுமா? ஆகாது. அதற்கு ஒரு வாசல் வேண்டும். யோசிக்கிற பிள்ளை நுழையும் வாசல். இதில் நம் புராணம் சொன்னவர்களை மிஞ்ச ஆளில்லை. இரணியன் பகலிலும் சாகக் கூடாது, இரவிலும் சாகக் கூடாது. உள்ளேயும் கூடாது, வெளியேயும் கூடாது என்று வரம் வாங்கி வைத்திருந்தான். வழியே இல்லை என்று தோன்றும். அந்திப் பொழுதும் வாசற்படியும் மிச்சம் இருந்தன. இரத்தபீசனின் இரத்தம் ஒரு துளி மண்ணில் விழுந்தால் அவனைப் போலவே இன்னொருவன் எழுவான். வெட்ட வெட்டக் கூட்டம் பெருகும்; நாம் பார்த்த எட்டுக் குட்டிகளின் கதைதான். துளி மண்ணில் விழாமல் காளி குடித்துவிட்டாள். 1977 நூலில் புலித்தலையோடு வருகிறானே, அந்த இராட்சதனுக்கும் வாசல் வைத்திருந்தார்கள்: மந்திரித்த அம்பு ஒன்று பட்டால் அங்கேயே மடிவான்.

சிங்கப்பூருக்கே சொந்தமான கதை ஒன்று ‘செஜாரா மெலாயு’ என்ற மலாய் நூலில் இருக்கிறது. வாள் போன்ற மூக்குள்ள தோடாக் மீன்கள் கூட்டம் கூட்டமாகக் கடலிலிருந்து பாய்ந்து, கரையில் நின்றவர்களைக் குத்திக் கொன்றனவாம். அரசர் ஆட்களை வரிசையாக நிறுத்தி, அவர்கள் காலையே வேலியாக்கச் சொன்னார். செத்தவர் தொகைதான் கூடியது. அப்போது ஒரு சிறுவன், “வாழைத்தண்டை நட்டு வேலி போடக் கூடாதா?” என்று கேட்டான். அப்படியே செய்தார்கள். மீன்களின் மூக்கு வாழைத்தண்டில் குத்திக்கொண்டு சிக்கியது. மக்கள் அடித்துத் தீர்த்தார்கள். பூதம் செய்யும் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல பாடம் இல்லை. அந்த மீனை வெல்ல மந்திரவாள் தேவைப்படவில்லை. கொல்லைப்புறத்தில் இருக்கும் வாழையே போதுமாக இருந்தது.

கதையின் முடிவு கசப்பானது. இந்தச் சிறுவன் வளர்ந்தால் நமக்கு ஆபத்து என்று அரசரின் காதில் ஓதினார்கள், அவனைக் கொன்றுவிட்டார்கள். அவன் இரத்தம் படிந்து சிவந்த மேடுதான் புக்கிட் மேரா என்பார்கள். கிளமெண்டியிலிருந்து நகரத்துப் பக்கம் போனால் அதிக தூரமில்லை.

இதை அக்காள் மகனிடம் சொன்னபோது சற்று அழுத்தியே சொன்னேன். கதை நடத்தும் ஆளுக்கு அந்த அரசரின் புத்தி சுலபமாக வரும். மூன்று நாள் பாடுபட்டு ஒரு பூதம் செய்திருப்பான். ஒன்பது வயதுப் பெண் ஒருத்தி, “அது தூங்கும்போது மூன்று தலையையும் ஒன்றாகச் சேர்த்துக் கட்டிவிட்டால் என்ன?” என்று கேட்பாள். அவன் எதிர்பார்க்காத வழி. உடனே, “இதன் உடம்பில் எண்ணெய் இருக்கிறது, கயிறு வழுக்கிவிடும்” என்று அந்த நிமிஷத்தில் ஒரு புது விதி சொல்லத் தோன்றும். சொல்லக் கூடாது. தாளில் எழுதாத விதி இல்லாத விதி. பூதம் தோற்கட்டும். அந்தப் பெண் அடுத்த வாரமும் வந்து உட்காருவாள்.

எல்லாவற்றையும் எதிரியாக்கிவிட வேண்டாம் என்றும் ஒன்று சொல்லிவைக்கிறேன். தோட்டத்து முனீஸ்வரர் நம் காவல் தெய்வம். கையில் அரிவாளும் பெரிய மீசையும் இருக்கிறதே என்று அவரைப் பூதப் பட்டியலில் சேர்ப்பது எனக்குப் பிடிக்கவில்லை, பாட்டிமாருக்கும் பிடிக்காது. வழி தவறிய வீரர்களுக்குத் துணையாக அவர் வரட்டுமே! எதிரி வேண்டுமானால் கோயில் தூணில் நிற்கும் யாளி இருக்கிறது. சிங்க உடம்பு, யானைத் துதிக்கை. அதற்கு என்ன வாசல் வைக்கலாம் என்று பிள்ளைகளையே கேளுங்கள்.

பெற்றோர் சிலருக்கு, பேயும் பூதமும் பேசும் விளையாட்டு பிள்ளைகளைக் கெடுத்துவிடுமோ என்ற பயம் இருக்கலாம். 1980களில் அமெரிக்காவிலேயே இந்தப் பயம் பெரிதாகக் கிளம்பி, எதிர்ப்பு இயக்கம் வரை போயிற்று, பிறகு அடங்கியது. நான் பார்த்த வரையில், கதையாட்டம் ஆடும் பிள்ளை கூட்டல், பெருக்கல், சராசரி மூன்றையும் யாரும் அதட்டாமலே செய்கிறது. கைத்தொலைபேசியை மணிக்கணக்கில் தடவிக்கொண்டிருப்பதைவிட, நான்கு பேர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து உட்கார்ந்திருப்பது மேல் என்பது என் அபிப்பிராயம். படிப்பு நேரத்தை விழுங்காமல் பார்த்துக்கொள்வது வீட்டில் உள்ளவர்கள் பொறுப்பு.

செலவு என்று பெரிதாக ஒன்றுமில்லை. 20 பக்கப் பகடை கடையில் கிடைக்கும். கிடைக்காவிட்டால் 1 முதல் 20 வரை எண் எழுதிய துண்டுச் சீட்டுகளைக் காலி மைலோ டின்னில் போட்டுக் குலுக்கி ஒன்றை எடுக்கலாம். எடுத்த சீட்டை மறுபடி டின்னில் போட மறக்காதீர்கள், இல்லாவிட்டால் கணக்கு கெட்டுவிடும். உயிரைக் காட்டப் புளியங்கொட்டை. வீரனுக்குப் பத்துக் கொட்டை. அடிபட்டால் எடுத்துவிட வேண்டியது. சிறு பிள்ளைக்குக் கழித்தல் கணக்கும் கண்ணுக்குத் தெரியும்.

புதிதாகச் செய்த பூதத்தை நேராகப் பிள்ளைகள் முன் விடாதீர்கள். வீரர்கள் நால்வருக்காகவும் ஒருவரே சீட்டெடுத்து, பூதத்துக்காக இன்னொருவர் எடுத்து, ஒத்திகையாக மூன்று முறை மோதவிட்டுப் பாருங்கள். மூன்றிலும் பூதம் ஜெயித்தால் உயிரைக் குறையுங்கள். மூன்றிலும் இரண்டே சுற்றில் செத்துவிட்டால் கூட்டுங்கள். பூதத்தின் பெயரையும் உருவத்தையும் பேனாவால் எழுதலாம். உயிரையும் அடியையும் மட்டும் பென்சிலால் எழுதி வையுங்கள். அழிக்க வேண்டி வரும்.